கேம் ரெக்கார்டிங் லேக் ஆகுதா? புது கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகும் முன் இதைப் பாருங்கள்

கேம் மட்டும் ஓடினால் ஒரு குறையும் இல்லை, ஓபிஎஸ் என்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் திக்க ஆரம்பிக்கிறது. சிலருக்கு விளையாடும்போது நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் அது திக்கும். இதைச் சொன்னால் நம்ம ஊரில் உடனே வரும் பதில், "ரேம் போடு, இல்லைன்னா புது கார்டு வாங்கு". அதைக் கேட்டு, கார்டு வாங்கத் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு வண்டியை எடுக்கும் முன்னால், எங்கே சிக்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் காசே செலவில்லாமல் சரியாகிற விஷயம் இது.

ஓபிஎஸ்ஸில் டாக்ஸ் மெனுவுக்குள் ஸ்டேட்ஸ் என்று ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கேமில் சண்டை அதிகம் நடக்கிற இடத்தில் இரண்டு நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். ரெண்டரிங் லேக், என்கோடிங் லேக் என்ற இரண்டு வரிகளில் எந்த எண் ஏறுகிறது என்பதுதான் முக்கியம். டிராப்டு ஃப்ரேம்ஸ் வரி லைவ் போடுகிறவர்களுக்கானது, அதை விட்டுவிடுங்கள்.

என்கோடிங் லேக் ஏறினால், வீடியோவைச் சுருக்கி எழுதுகிற வேலை தாங்கவில்லை என்று அர்த்தம். செட்டிங்ஸில் அவுட்புட் பக்கத்துக்குப் போய் என்கோடர் என்ன என்று பாருங்கள். எக்ஸ்264 என்று இருந்தால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில்தான் விழுகிறது, அதே பிராசஸர் கேமையும் ஓட்டியாக வேண்டும். என்விடியா கார்டு இருந்தால் என்வென்க், ஏஎம்டி என்றால் அதன் சொந்த என்கோடர், இன்டெல் என்றால் குயிக்சிங்க் என்று மாற்றுங்கள். இவற்றுக்கென்று சிப்புக்குள்ளேயே தனிப் பகுதி இருப்பதால் கேமுக்குப் பெரிய பாதிப்பு வராது. நிறைய பேருக்கு இந்த ஒரு மாற்றமே போதும். ஆனால் வாங்கும்போது யாரும் சொல்லாத இரண்டு விஷயம் உண்டு: ஜிடி 1030 கார்டில் என்வென்க் கிடையாது, ஐ5 12400எஃப் மாதிரி கடைசியில் எஃப் வருகிற இன்டெல் பிராசஸர்களில் குயிக்சிங்க் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் எக்ஸ்264-ஐ விட்டால் வழியில்லை. அப்போது அதன் வேகத்தை முடிவு செய்கிற பிரீசெட்டை அல்ட்ராஃபாஸ்ட்டுக்கு மாற்றி, வீடியோவை 720பி, 30 ஃப்ரேமுக்கு இறக்குங்கள்.

ரெண்டரிங் லேக் ஏறினால் கதை வேறு. கிராபிக்ஸ் கார்டை கேம் முழுசாகப் பிடித்துக்கொண்டதால் ஓபிஎஸ்ஸுக்கு இடம் கிடைக்கவில்லை. கேமில் ஃப்ரேம் லிமிட்டை 60-இல் நிறுத்துங்கள், ஷேடோவைக் குறையுங்கள். ஓபிஎஸ் ஐகானில் ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள், விண்டோஸ் அதற்கு கார்டில் முன்னுரிமை கொடுக்கும். முழுத் திரையையும் பிடிக்கிற டிஸ்ப்ளே கேப்சரை விட கேம் கேப்சர் நல்லது. லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தால், கேம் எதில் ஓடுகிறதோ அதிலேயே ஓபிஎஸ்ஸும் ஓடும்படி விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். பின்னணியில் விண்டோஸ் கேம் பாரும் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தால் அதையும் அணையுங்கள்.

இரண்டு எண்ணும் ஏறவே இல்லை, ஆனாலும் வீடியோ திக்குகிறதா? முதலில் வேறு பிளேயரில், விஎல்சியில் போட்டுப் பாருங்கள். அப்புறம் டிஸ்க்கைப் பாருங்கள். நொடிக்கு 40 மெகாபிட், அதாவது 40 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி ஆகும். கேமும் ரெக்கார்டிங்கும் ஒரே பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அது திணறத்தான் செய்யும், இரண்டில் ஒன்றை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அதற்கப்புறம்தான் லேக் வருகிறது என்றால் செட்டிங்ஸைத் தோண்டாதீர்கள், அது சூடு. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் மதியம் உட்கார்ந்தால் ஃபேன் இழுக்கிற காற்றே அனல்தான், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். மெத்தையில் லேப்டாப்பை வைக்காதீர்கள், அடியில் காற்று போக இடம் விடுங்கள், ரெக்கார்டிங்கைக் காலையிலோ ராத்திரியிலோ வைத்துக்கொள்ளுங்கள். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் இருக்கிறவர்கள் ஆடிக் காற்று முடிந்ததும் கேபினெட்டைத் திறந்து செம்மண் தூசியைக் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகித்தான் எடுக்க வேண்டும், பேட்டரியில் அதன் முழு வேகம் கிடைக்காது.

ஃபார்மேட்டை எம்கேவி என்று வையுங்கள். சாதாரண எம்பி4-இல் எடுக்கும்போது நடுவில் கரண்ட் போனால் ஃபைல் மொத்தமும் திறக்காமல் போய்விடும், எம்கேவியில் அதுவரை எடுத்தது மிஞ்சும். எடிட் செய்ய எம்பி4 வேண்டுமென்றால் ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் இருக்கிறது, தரம் குறையாமல் மாற்றித் தரும்.