சிங்கப்பூர் ஹோட்டல் பஃபே: விளம்பர விலையை நம்பி மேசை பதியாதீர்கள்

ஊரிலிருந்து உறவினர்கள் வரும் பள்ளி விடுமுறையில், பஃபேக்கு இடம் பிடிக்கும் பொறுப்பு எங்கள் வீட்டில் என்னுடையது. நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: கூட்டல் குறிகளைக் கணக்கிடுங்கள்

விலைக்குப் பக்கத்தில் ++ என்று இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூரில் கடைகள் பொருள், சேவை வரியையும் (ஜிஎஸ்டி) சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வசூலிக்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மட்டும் அதில் விலக்கு உண்டு. முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது 9 விழுக்காடு வரி. இந்த வரி 2024 ஜனவரியில்தான் 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது. அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளின் கணக்கு இப்போது ஒத்துவராது.

இரண்டையும் கூட்டி 19 விழுக்காடு என்று நினைப்பவர்கள் அதிகம். சேவைக் கட்டணத்தின் மீதும் வரி விழுகிறது. 70 வெள்ளியோடு (சிங்கப்பூர் டாலர்) சேவைக் கட்டணம் 7 சேர்ந்தால் 77. அந்த 77க்கு வரி 6.93; மொத்தம் 83.93. கைப்பேசிக் கணிப்பானில் விலையை 1.199ஆல் பெருக்குங்கள், போதும். 'நெட்' என்று போட்டிருந்தால் அதுவே இறுதி விலை. ஆகவே 82 வெள்ளி நெட், 70++ஐவிட மலிவு!

சேவைக் கட்டணம் கொடுத்த பிறகு தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. சுற்றுப்பயணிகளுக்கு விமான நிலையத்தில் திருப்பித் தரும் வரியில் சாப்பாட்டுச் செலவு சேராது.

படி 2: தலைக்கு அல்ல, மேசைக்கு

பெரியவர் இருவர், எட்டு வயதுப் பிள்ளை ஒன்று என்று வையுங்கள். ஓரிடத்தில் 70++, பிள்ளைக்குப் பாதி விலை: மொத்தம் 209.83 வெள்ளி. இன்னோரிடத்தில் 64++, பிள்ளைக்கும் முழு விலை: 230.21 வெள்ளி. விலை குறைந்த இடம்தான் கையைக் கடிக்கிறது. பிள்ளைகளுக்கான வயது வரம்பு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். மூத்தோருக்குச் சலுகை தரும் இடங்களும் உண்டு. பாட்டியின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். குடிநீர், பானங்கள் விலைக்குள் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

தள்ளுபடிச் செயலிகளைவிட, ஹோட்டலின் சொந்த இணையப்பக்கத்தையும் ஒரு தொலைபேசி அழைப்பையுமே நான் நம்புகிறேன். நிபந்தனைகள் முழுமையாகக் கிடைப்பது அங்கேதான்.

படி 3: நாளும் வேளையும்

வாரநாள் மதிய உணவுதான் பெரும்பாலும் மலிவு. வார இறுதி இரவில் விலை ஏறும். நண்டு, சிப்பி, பெரிய இறால் எல்லாம் பல இடங்களில் அப்போதுதான் வரும். பொது விடுமுறைக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் தனி விலை இருக்கலாம். தீபாவளி இங்கே பொது விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

படி 4: உங்கள் வீட்டார் எதைச் சாப்பிடுவார்கள்?

உண்மையில் இதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. பஃபேயின் விலையைத் தூக்குவது பனிக்கட்டியில் அடுக்கிய கடலுணவும் இறைச்சியும். மேசையில் பாதிப்பேர் சைவம் என்றால், அந்தக் கடலுணவுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். இரண்டு சைவக் குழம்புக்கும் சாலட்டுக்கும் 84 வெள்ளி கொடுக்க எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட நாளில் நான் சிராங்கூன் சாலைக்குத்தான் அழைத்துப் போவேன். 1947 முதல் அங்கே இருக்கும் கோமள விலாஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மிச்சப் பணத்தில் மாலையில் வேறெங்காவது போகலாம்.

ஹலால் பார்ப்பவர்கள் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். 'பன்றி இறைச்சி இல்லை' என்ற அறிவிப்பு சான்றிதழுக்கு ஈடாகாது.

அறையோடு வரும் காலைப் பஃபேயையும் இப்படியே எடைபோடுங்கள். காலையில் அதிகம் சாப்பிடாதவர்கள் காலை உணவு இல்லாத அறையை எடுத்து, பக்கத்துக் கோப்பிக்கடையில் காயா (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த இனிப்பு ஜாம்) தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, கோப்பியோடு முடித்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: 'ஒருவருக்குக் கட்டணம், ஒருவருக்கு இலவசம்' என்ற கடன் அட்டைச் சலுகை பற்றி வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் சிங்கப்பூர் வங்கி அட்டைகளுக்குத்தான். உள்ளூர் உறவினரின் அட்டையில் கட்டணம் செலுத்துங்கள். இன்னொரு சிக்கலையும் வாசகர் ஒருவர் எடுத்துக்காட்டினார். சில இடங்களில் சேவைக் கட்டணத்தைத் தள்ளுபடிக்கு முந்தைய தொகையில் போடுகிறார்கள். இருவருக்கு 70++ என்றால், இலவசம் போக 70தான் விலை. ஆனால் சேவைக் கட்டணம் 140க்கு, அதாவது 14 வெள்ளி. 'இரண்டாமவருக்குப் பாதி விலை' என்பது ஆளுக்குக் கால் பங்கு தள்ளுபடிதான். மேசை பதியும்போதே, "சேவைக் கட்டணம் எந்தத் தொகைக்கு?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.