வேலையில் மனநிறைவு: எங்கே தப்புக் கணக்குப் போடுகிறோம்?

வேலை பிடிக்கவில்லை என்பவரிடம் ஏன் என்று கேட்டால் சம்பளம், மேலாளர், வேலை நேரம் என்று காரணங்கள் மளமளவென்று வரும். எல்லாமே உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவை சரியானால் வேலை தானாகப் பிடித்துவிடும் என்று நம்புகிறோமே, அதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களின் கடைசியில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் தம் குழுவினரோடு பேட்டி கண்டார். வேலையில் ரொம்பவும் மகிழ்ந்திருந்த சமயம் எது, நொந்துபோன சமயம் எது என்று கேட்டார். இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி வரவில்லை. நொந்த கதைகளில் நிர்வாகத்தின் விதிகளும் மேலதிகாரியின் கெடுபிடியும் அதிகம். மகிழ்ந்த கதைகளிலோ ஒரு காரியத்தை முடித்துக் காட்டியது, அதற்குக் கிடைத்த அங்கீகாரம், வேலையின் சுவை, கையில் வந்த பொறுப்பு. சம்பளம் இரண்டு பக்கமும் தலைகாட்டினாலும், அவர் அதை நொந்த கதைகளின் பட்டியலில்தான் வைத்தார். தொல்லைகள் நீங்கினால் எரிச்சல் அடங்கும், அவ்வளவுதான். நிறைவு வேறு வழியாகத்தான் வரவேண்டும் என்பது அவர் முடிவு.

இந்த ஆய்வு முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு. நல்லது நடந்தால் ‘நான் செய்தேன்’ என்பதும் கெட்டது நடந்தால் அடுத்தவரைக் கைகாட்டுவதும் மனித சுபாவம், பதில்கள் அப்படித்தான் பிரியும் என்றார்கள். நியாயமான பேச்சு. ஆனாலும் அந்த இரண்டு கேள்விகளையும் நமக்கு நாமே கேட்டுக்கொள்வது நல்லது. போன மாதத்தில் நேரம் போனதே தெரியாமல் செய்த வேலைகளை ஒரு பக்கம் எழுதுங்கள், அலுத்துச் சலித்தவற்றை இன்னொரு பக்கம். ‘மீட்டிங்’ என்று மொத்தமாக எழுத வேண்டாம். எந்த மீட்டிங், யாரோடு, அதில் உங்களுக்கு என்ன வேலை இருந்தது என்று எழுதுங்கள். இரண்டாவது பக்கம் நிரம்பி வழிந்தால் தொல்லைகளைக் களைய வேண்டும். முதல் பக்கம் காலியாகக் கிடந்தால் அது வேறு நோய், அதற்குச் சம்பள உயர்வு மருந்தாகாது.

இந்தக் கணக்கைப் போடாமல் ராஜினாமா கடிதம் எழுதுவது இரண்டாவது தவறு. உயர்நிலை மேலாளர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. வேலை மாறியவர்களின் திருப்தி மாறியவுடன் சட்டென்று ஏறியது, அப்புறம் இறங்கிவிட்டது. புது இடத்தின் குதூகலம் சில மாதம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

அடுத்தது சம்பள ஒப்பீடு. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் ஒரு பகுதியினரிடம் எல்லோருடைய சம்பளத்தையும் காட்டும் ஒரு இணையதளத்தைப் பற்றி ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2012இல் வந்த முடிவு இதுதான்: தம் பிரிவில் நடுமட்டத்துக்குக் கீழே சம்பளம் வாங்கியவர்களின் திருப்தி குறைந்தது, மேலே வாங்கியவர்களுக்கோ எதுவும் கூடவில்லை. பேரம் பேசுவதற்காகச் சம்பள நிலவரம் தெரிந்துவைத்திருக்க வேண்டியதுதான். தினமும் அதையே எண்ணிக்கொண்டிருந்தால் நஷ்டம் மட்டும்தான்.

‘எனக்கென்று ஒரு வேலை எங்கோ இருக்கிறது’ என்று காத்திருப்பதும் தவறுதான். பெரும்பாலான வேலைகளில் கை பழகிய பிறகுதான் சுவை பிடிபடுகிறது.

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது வேறொரு தவறு: நம் வேலை யாரைப் போய்ச் சேர்கிறது என்று பார்க்காமலே வருடக்கணக்கில் உழைப்பது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் பணியாளர்களுக்கு, அந்தப் பணத்தில் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடம் சந்திக்க வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் திரட்டிய தொகை இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. உளவியலாளர் ஆடம் கிராண்ட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை ஆராய்ந்த ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் இதே போன்ற ஒன்றைக் கண்டார்கள். ஒரே வேலையைச் சிலர் தரை துடைப்பதாக மட்டும் பார்த்தார்கள். சிலர் நோயாளி குணமாவதில் தமக்கும் பங்குண்டு என்று நினைத்தார்கள். நினைவில்லாமல் கிடந்த நோயாளிகளின் அறையில் சுவர்ப் படங்களை அவ்வப்போது இடம் மாற்றி வைத்தார் ஒருவர். அது அவருக்கு யாரும் கொடுத்த வேலை அல்ல. நீங்கள் வாராவாரம் அனுப்பும் அறிக்கையை யார் திறந்து பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் அவருக்குப் பயன்படுகிறது என்று ஒருமுறை நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். யாருமே படிப்பதில்லை என்று தெரிந்தால் அதுவும் நல்லதே. அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

இதற்கு நேரெதிரான தவறையும் சொல்லியாக வேண்டும். அவமானம், மிரட்டல், நேரத்துக்குக் கிடைக்காத சம்பளம் இவற்றையெல்லாம் ‘என் பார்வையை மாற்றிக்கொள்கிறேன்’ என்று விழுங்குவது. வேலைச் சோர்வு என்பது சமாளிக்க முடியாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தால் வருவது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலை மீது கசப்பும் விலகலும் வளர்வது, திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது ஆகிய மூன்றையும் அதன் அடையாளங்களாகச் சொல்கிறது. அந்த நிலையில் குறை உங்கள் மனப்பான்மையில் இல்லை. கிளம்புவதுதான் சரி.

கிளம்பும்போது அடுத்த இடத்தின் நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்விகளைக் கேட்க மறக்காதீர்கள்: இந்தப் பொறுப்பில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? நான் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கக்கூடிய விஷயங்கள் எவை?