பெரணி ஸ்போர் முளைக்கவில்லையா? நிழலைக் கவனியுங்கள்

மண்ணைக் கொதிநீர் ஊற்றிச் சுத்தம் செய்வது, டப்பாவை மூடி வைப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பெரணியை ஸ்போரிலிருந்து, அதாவது அதன் இலையில் விளையும் விதை போன்ற தூளிலிருந்து, வளர்க்கப் புதிதாக வருபவர்கள் கோட்டை விடுவது வெளிச்சத்தில்தான்.

மண் தூவி மூடுவது

மூடாதீர்கள். பெரும்பாலான பெரணி ஸ்போர்கள் இருட்டில் முளைப்பதில்லை.

உலர்ந்த தூளுக்கு வெளிச்சம் காட்டுவது

வீண் வேலை. ஈரம் ஊறிய பிறகுதான் ஸ்போர் ஒளியை உணரும்.

மரத்தடியில் வைப்பது

‘பெரணி நிழல் செடிதானே’ என்று டப்பாவை மாமரத்தடியில் வைத்துவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது தொடர்வது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. ஸ்போருக்குள் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி உண்டு. 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பொளி அதன்மேல் பட்டால் முளைப்பு தொடங்கும். 730 நானோமீட்டர் அளவிலான தொலைசிவப்பு ஒளி அந்தத் தூண்டுதலை அழித்துவிடும். பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுகிறது. நம் கண்ணுக்கு மரத்தடியில் தாராளமாக வெளிச்சம் இருக்கும். ஸ்போருக்கோ, மேலே வேறொரு செடி மறைத்து நிற்கிறது என்றுதான் பொருள்.

தெரிந்த இளைஞர் ஒருவர் கிணற்றுச் சுவரிலிருந்து அடியாண்டம் என்ற பெரணியின் இலைகளைப் பறித்து வந்தார். ஓரம் மடிந்த இடங்களில் பழுப்பேறிய, நல்ல பருவத்து இலைகள். காகிதத்தில் மடித்து வைத்ததும் தூள் கொட்டியது. விதைத்த டப்பாக்களை மரத்தடியில் அடுக்கினார். மண் கறுப்பாகவே கிடந்ததால் தூள் செத்துவிட்டதென்று அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டார். அதே தூளில் விதைக்காமல் மிச்சமிருந்ததை விதைத்து வடக்கு ஜன்னலோரம் வைத்தோம். சில வாரங்களில் பச்சை படர்ந்தது. மரம் மறைக்காத, வானம் தெரிகிற சுவர் நிழல்தான் வேண்டும். நேர் வெயில் கூடாது, மூடிய டப்பா வெந்துவிடும்.

நீல விளக்கு

தொடக்கத்தில் வேண்டாம். அடியாண்டத்திலும், பழைய சுவர்களில் தானாக வளரும் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணியிலும் நீல ஒளி முளைப்பைத் தடுக்கிறது. ஆனால் முளைத்த பிறகு நீலம் தேவை. சிவப்பு மட்டும் கிடைத்தால் முளை நூலாக நீண்டுகொண்டே போகும், பெரணி இலை வருவதற்கு முந்தைய இதய வடிவத் தகடாக அகலாது. வெள்ளை டியூப்லைட்டில் இரண்டு நிறமும் இருப்பதால் அதுவே போதும்.

அவசரப்பட்டுக் கொட்டுவது

இலை நிழலில் ஈரமாகக் கிடந்த தூள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். பூஞ்சை பிடிக்காத டப்பாவை இடம் மாற்றி இன்னும் சில வாரம் பாருங்கள். ஆஸ்முண்டா போன்ற பச்சை ஸ்போர் இனங்களில் மட்டும் இது பலிக்காது. அந்த ஸ்போர்களுக்கு ஆயுள் குறைவு. பறித்த கையோடு விதைத்துவிட வேண்டும்.