பாரிஸ் போக்குவரத்து: சுற்றுலாப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸில் போக்குவரத்துக்காக வீணாகும் பணம் பெரும்பாலும் ரயிலில் ஏறுவதற்கு முன்பே போய்விடுகிறது. விமானம் இறங்கிய களைப்பில், பின்னால் வரிசை நிற்க, டிக்கெட் மெஷினில் அவசரமாக எதையோ அழுத்திவிடுகிறோம். எந்த டிக்கெட் என்பதை ஊரிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

முதல் தவறு, பழைய தகவலை நம்பிப் போவது. பத்து காகித டிக்கெட் கொண்ட கட்டு வாங்குங்கள், வெர்சாய்க்கும் டிஸ்னிலேண்டுக்கும் தனி மண்டல டிக்கெட் எடுங்கள் என்று இன்னும் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். 2025 ஜனவரிக்குள் இதெல்லாம் மாறிவிட்டது. மெட்ரோ, ஆர்இஆர் (நகரையும் புறநகரையும் இணைக்கும் வேக ரயில்), புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் பாரிஸ் வட்டாரம் முழுக்க ஒரே விலை: 2.50 யூரோ. பஸ்ஸுக்கும் டிராமுக்கும் 2 யூரோ. விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட், 13 யூரோ. இவை 2025 விலைகள். ஜனவரிதோறும் கொஞ்சம் ஏறும் என்பதால் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த விமான நிலைய டிக்கெட்டில்தான் பலர் மாட்டுகிறார்கள். 2024 ஜூனில் 14ஆம் மெட்ரோ பாதை ஓர்லி விமான நிலையம் வரை நீண்டது. மெட்ரோதானே என்று சாதாரண டிக்கெட்டில் ஏறிவிட்டால் அது அங்கே செல்லாது. சார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் போகும் ஆர்இஆர் பி ரயிலுக்கும் இதே விதிதான். 'நவிகோ' நாள் பாஸும் விமான நிலையங்களுக்குச் செல்லாது.

ஆனால் வார பாஸ் செல்லும். 'நவிகோ' வார பாஸ் 2025இல் 31.60 யூரோ, போட்டோ ஒட்டும் அட்டைக்கு 5 யூரோ தனி. விமான நிலையத்துக்குப் போக வர மட்டுமே அதே 2025 விலையில் 26 யூரோ ஆகும்போது இது நல்ல லாபம். ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த பாஸ் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கணக்கு அல்ல, திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வெள்ளிக்கிழமை போய் இறங்கி வார பாஸ் கேட்டால், மெஷின் அடுத்த திங்களில் தொடங்கும் பாஸைத்தான் கொடுக்கும். பணம் கட்டியாயிற்று, அட்டை கையில் இருக்கிறது, வாயில் மட்டும் திறக்காது. திங்கள், செவ்வாயில் இறங்கி வார இறுதி வரை தங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வார பாஸ் எடுக்கலாம். வியாழக்கிழமைக்கு மேல் வந்து ஞாயிறோ திங்களோ திரும்புகிறவர்களுக்குத் தனித்தனி டிக்கெட்டே போதும். அட்டைக்கு 2.5 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சின்ன போட்டோ வேண்டும். ஊரிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

தனி டிக்கெட்டுகளை 2 யூரோ விலையுள்ள 'நவிகோ ஈசி' அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். குடும்பமாகப் போகும்போது ஒரே அட்டையை ஆளுக்கு ஒருமுறை தட்டி உள்ளே போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஆளுக்கொரு அட்டை வேண்டும். நான்கு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு டிக்கெட் தேவையில்லை. மெட்ரோவில் தட்டிய டிக்கெட்டில் தொடர்ந்து பஸ் ஏற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியே வரும் வரை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பரிசோதகர்கள் பெரும்பாலும் ரயிலுக்குள் வருவதில்லை, ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நடைபாதையின் திருப்பத்தில் வரிசையாக நிற்பார்கள். சுற்றுலாப் பயணி, தெரியாது என்றாலும் அபராதம் அபராதம்தான்.

டாக்சி வேண்டுமென்றால், விமான நிலையத்துக்குள் வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர் பின்னால் போகவே கூடாது. வெளியே அதிகாரபூர்வ டாக்சி வரிசை இருக்கிறது. சார்ல் து கோலிலிருந்து சென் நதியின் வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65 யூரோ என்று (2025 நிலவரம்) கட்டணத்தை அரசே நிர்ணயித்திருக்கிறது. நெரிசலில் நின்றாலும் இதுதான் தொகை. நான்கு பேரும் நிறையப் பெட்டிகளும் இருந்தால் ரயிலைவிட டாக்சியே மேல் என்பேன்.

காரணம், படிக்கட்டுகள். பாரிஸ் மெட்ரோ 1900இல் தொடங்கியது. பழைய பாதைகளில் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் இல்லை, 14ஆம் பாதையில் எல்லா நிலையத்திலும் உண்டு. வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் சாத்லேயிலும் மொன்பர்னாஸிலும் ரயில் மாற நடந்துகொண்டே இருக்க வேண்டும். நம்மவர்களில் பலர் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் தங்குவார்கள். விமான நிலைய ரயில் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து அங்கே போக சுரங்க நடைபாதை இருக்கிறது, பக்கம்தான். ஆனால் லாச்சப்பல் மெட்ரோ இருப்பது உயரத்தில், பாலத்தின் மேல். முப்பது கிலோ பெட்டியோடு ஒரு நிறுத்தத்துக்காக அதில் ஏறி இறங்குவதற்குத் தெருவழியாக உருட்டிக்கொண்டு நடந்துவிடலாம். வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் பஸ்ஸை நம்புங்கள். 69ஆம் எண் பஸ் ஈஃபில் கோபுரத்துப் பக்கமிருந்து லூவர், பஸ்தீல் வழியாகப் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

ஆர்இஆர் ரயிலில் எழுத்தை மட்டும் பார்த்து ஏறுவது இன்னொரு தவறு. பி ரயில் ஓல்னே நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரி-க்ளே ஊருக்கு. ஏறுமுன் பிளாட்பாரத் திரையில் உங்கள் நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெர்சாயிலும் இப்படித்தான். மூன்று நிலையங்கள் இருக்கின்றன, அரண்மனைக்கு மிக அருகில் இருப்பது ஆர்இஆர் சி போகும் 'வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ்'. அதற்காக ஆர்இஆரைக் கண்டு ஒதுங்கவும் வேண்டாம். வெற்றி வளைவிலிருந்து (ஆர்க் து த்ரியோம்ஃப்) சாத்லேக்கு மெட்ரோ 1இல் எட்டாவது நிறுத்தம். ஆர்இஆர் ஏ ரயிலில் இரண்டாவதே சாத்லேதான். டிக்கெட் ஒன்றே.

சில பழைய ரயில்களில் கதவு தானாகத் திறக்காது. கதவிலிருக்கும் சின்ன உலோகக் கொண்டியை மேலே தூக்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றால் நிறுத்தம் போய்விடும். கதவருகே நின்று போன் பார்க்காதீர்கள், கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். வாடகை மின்ஸ்கூட்டரைத் தேட வேண்டாம், 2023 செப்டம்பரிலிருந்து நகரில் அதற்குத் தடை.

இரவில் மெட்ரோ சுமார் ஒன்றேகால் மணி வரை ஓடும், வெள்ளி, சனி இரவுகளில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல். ஆனால் விமான நிலைய ரயில் பராமரிப்பு வேலைக்காகப் பல இரவுகளில் முன்னதாகவே நின்றுவிடுகிறது. பின்னிரவிலோ அதிகாலையிலோ விமானம் என்றால் முந்தைய நாளே அந்தப் பாதையின் அறிவிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் டாக்சிக்குச் சொல்லிவிடுங்கள்.