பிரிவையும் தனிமையையும் ஆங்கிலத்தில் சொல்லுதல்: ஃப்ரேஸல் வெர்ப், தொடக்கநிலை விளக்கம்

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குவோரில் பலர், பிரிவைக் குறிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் ‘செப்பரேட்’ என்ற ஒரே வினையைக் கொண்டு வேலையை முடித்துவிடுகின்றனர். நண்பர்கள் விலகினாலும், வெள்ளத்தால் ஓர் ஊர் துண்டிக்கப்பட்டாலும், பழுதான கடிகாரத்தைப் பிரித்துப் போட்டாலும் அவர்களுக்கு அதுவே கைகொடுக்கிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களோ இவ்விடங்களில் எளிய வினை ஒன்றுடன் ‘ஆஃப்’, ‘அபார்ட்’, ‘அவே’ போன்ற சிறுசொல்லைச் சேர்த்து ஃப்ரேஸல் வெர்ப்பாகவே சொல்வார்கள்.

முதல் படி: சிறுசொல்லிலிருந்து தொடங்குங்கள்

நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. எவ்வகைப் பிரிவு என்பதைப் பெரும்பாலும் சிறுசொல்லே காட்டிக்கொடுக்கிறது. இடையில் ஒரு தடுப்பு விழுந்து தொடர்பு அறுந்தால் ‘ஆஃப்’ வரும்: ‘கட் ஆஃப்’ என்றால் துண்டித்தல், ‘வால் ஆஃப்’ என்றால் சுவரெழுப்பித் தனிமைப்படுத்தல். 1961 ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மனி மேற்கு பெர்லினைச் சுற்றித் தடுப்பு எழுப்பத் தொடங்கியதைச் சொல்ல இந்த ‘வால் ஆஃப்’ பொருந்தும். இரு தரப்பும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் ‘அபார்ட்’ வரும். சண்டை எதுவும் இல்லாமல், கட்டவிழ்ந்த தோணிகளைப் போல நண்பர்கள் மெல்ல விலகிப்போவது ‘டிரிஃப்ட் அபார்ட்’. உள்ளே வரவிடாமல் வெளியே நிறுத்துவதற்கு ‘அவுட்’ உண்டு.

‘அவே’, ‘அப்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பனிப்பாறை நன்றாக விளக்கும். 2017 ஜூலையில் அண்டார்க்டிகாவின் லார்சன் சி பனி அடுக்கிலிருந்து ஏறத்தாழ 5,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏ-68 என்ற பனிப்பாறை உடைந்து விலகியது. தாய்ப்பகுதி நின்ற இடத்திலேயே நிற்க, ஒரு துண்டு மட்டும் அகன்றதால் இது ‘பிரோக் அவே’. அதே பனிப்பாறை 2021-க்குள் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிப்போனது. முழுமை குலைந்ததால் அது ‘பிரோக் அப்’. காதலர் பிரிவுக்கு ‘பிரேக் அப்’ என்பதும் இதனால்தான், ஏனெனில் அங்கே சிதைவது உறவு என்னும் முழுமை.

இரண்டாம் படி: தமிழ் வினையின் பொருளைப் பிரித்துப் பாருங்கள்

பிழைகள் மிகுதியாக நேர்வது இங்கேதான். ‘ஒதுக்கி வைத்தல்’ என்ற ஒரே தொடரை நாம் பணத்துக்கும் சொல்கிறோம், மனிதருக்கும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பணத்தை ஒதுக்கி வைப்பது ‘செட் அசைட்’. உடன் வேலை செய்பவரிடம் பேசாமல், கூட்டங்களுக்கு அழைக்காமல் அவரை ஒதுக்கி வைப்பது ‘ஃப்ரீஸ் அவுட்’. மனிதரைச் சொல்லும் இந்த இடத்தில் ‘செட் அபார்ட்’ என்று எழுதினால் பொருள் பெரும்பாலும் தலைகீழாகிவிடும், ஏனென்றால் ஒருவரை மற்றவரிடமிருந்து தனித்துக் காட்டும் சிறப்பைக் குறிக்கவே அது மனிதருக்கு வருகிறது. கடிகாரத்தைப் பிரிப்பது ‘டேக் அபார்ட்’. இரட்டையரில் யார் எவர் என்று பிரித்தறிவது ‘டெல் அபார்ட்’.

மூன்றாம் படி: செயப்படுபொருளை எங்கே வைப்பது?

‘ஒதுக்கி வைத்தார்’ என்பதன் நடுவே தமிழில் ‘அவரை’ என்ற சொல்லை நுழைத்தால் காதுக்கு உறுத்தும். ஆங்கிலமோ பல ஃப்ரேஸல் வெர்ப்புகளில் அந்த இடைவெளியைத் திறந்தே வைத்திருக்கிறது. ‘தி ஃப்ளட் கட் ஆஃப் தி வில்லேஜ்’, ‘தி ஃப்ளட் கட் தி வில்லேஜ் ஆஃப்’ ஆகிய இரண்டும் சரி. ஆனால் பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘கட் தெம் ஆஃப்’ சரி, ‘கட் ஆஃப் தெம்’ பிழை. ‘டிரிஃப்ட் அபார்ட்’ செயப்படுபொருளை ஏற்பதில்லை. ‘தே டிரிஃப்டட் அபார்ட்’ என்று சொன்னாலே போதும், ‘ஒருவரை ஒருவர்’ என்று சேர்க்கத் தேவையில்லை.

நான்காம் படி: ‘ஃப்ரம்’ அல்லது ‘வித்’

எதிலிருந்து என்று சொல்ல வேண்டுமானால் ‘கட் ஆஃப்’, ‘பிரேக் அவே’ இரண்டும் ‘ஃப்ரம்’ ஏற்கும். ‘பிரேக் அப்’ மட்டும் ‘வித்’ கேட்கும். பிரிவுக்கு எப்படி ‘உடன்’ என்ற பொருள் வரும் என்று திகைக்க வேண்டாம். ‘அவனோடு உறவை முறித்துக்கொண்டாள்’ என்று நாமும் ‘ஓடு’ சேர்த்துத்தானே சொல்கிறோம். ‘பார்ட் வித்’ என்பது மனமில்லாமல் ஒரு பொருளைக் கைவிடுவது. ‘பார்ட் ஃப்ரம்’ என்பது ஒருவரை விட்டுப் பிரிவது.

ஐந்தாம் படி: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

பொறியியல் சேர்க்கையில் 200-க்குக் கணக்கிடும் ‘கட்-ஆஃப்’ நமக்குப் பழகிய பெயர்ச்சொல். அதில் அழுத்தம் ‘கட்’ மீது விழும். வினையாகச் சொல்லும்போது பொதுவாக ‘ஆஃப்’ மீது அழுத்தம் தர வேண்டும். ‘பிரேக்-அப்’ என்பதற்கும் இதுவே முறை.

பயிற்சிக்கு மூன்று வாக்கியங்கள். விடையைப் பார்க்குமுன் நீங்களே எழுதிப் பாருங்கள். நிலச்சரிவு எங்களைத் துண்டித்துவிட்டது. பழைய சைக்கிளைக் கைவிட அவளுக்கு மனமில்லை. புதிதாக வந்தவரை அலுவலகத்தில் ஒதுக்கி வைத்தார்கள்.

விடைகள்: ‘தி லேண்ட்ஸ்லைட் கட் அஸ் ஆஃப்’, ‘ஷி டிட் நாட் வான்ட் டு பார்ட் வித் ஹெர் ஓல்ட் பைசைக்கிள்’, ‘தே ஃப்ரோஸ் தி நியூகமர் அவுட்’. மூன்றாவதில் ‘தி நியூகமர்’ என்பதைக் கடைசியில் வைத்திருந்தாலும் சரியே; ‘ஹிம்’ என்று எழுதியிருந்தால் அது நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.