துமிளிகள் எங்கே சாளின? ஆங்கிலத் தேர்வில் வாசிப்பையும் பிழைதிருத்தத்தையும் சோதிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"நொடுங்கிய துமிளிகள் பன்றையில் சாளின."

இதைப் படித்துவிட்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். துமிளிகள் எங்கே சாளின? பன்றையில். எப்படிப்பட்ட துமிளிகள்? நொடுங்கியவை. அவை என்ன செய்தன? சாளின. மூன்றுக்கு மூன்று வாங்கிவிட்டீர்கள். சரி, துமிளி என்றால் என்ன? எனக்கும் தெரியாது. இந்தக் கட்டுரைக்காக நான் இட்டுக்கட்டிய சொல் அது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் காம்ப்ரிஹென்ஷன் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தத் துமிளி ரகம்தான். சொல்கிறவன் யோக்கியனில்லை, பல வருடம் நானும் இப்படித்தான் கேள்வித்தாள் எடுத்தேன். ஓர் அரையாண்டுத் தேர்வில் தேனீக்களைப் பற்றிய பேசேஜ் கொடுத்திருந்தேன். ஆங்கிலத்தில் எப்போதும் பார்டரில் நிற்கும் ஒரு பையன் அந்தப் பகுதியில் மட்டும் எட்டுக்கு எட்டு வாங்கியிருந்தான். தாளைக் கொடுக்கும்போது, "பேசேஜ் எதப் பத்திடா?" என்று கேட்டேன். "ஏதோ பூவப் பத்தி சார்" என்றான். எப்படி எழுதினாய் என்றதற்கு ஒளிவுமறைவில்லாமல் சொன்னான்: "கேள்வில இருக்கிற பெரிய வார்த்தைய பேசேஜ்ல தேடுவேன் சார். அந்த லைன அப்படியே எழுதிருவேன்."

அவன்மேல் தப்பில்லை. கேள்வியில் ஒரு சொல்லைப் போட்டு, பத்தியில் அதே சொல்லுக்குப் பக்கத்தில் விடையை வைத்தது நான். வாசிக்காமலே மார்க் வாங்க வழி இருந்தால் பிள்ளைகள் அந்த வழியில்தான் போவார்கள். டியூஷனில் அதைச் சொல்லியும் கொடுக்கிறார்கள்.

பத்தியின் சொல்லையே கேள்வியில் வைப்பது

நான் பிற்பாடு எழுதிக் கொடுத்த ஒரு சிறு பத்தியின் சாரம் இது. மூன்று வருடமாக மழையில்லை. முருகன் முதலில் இரண்டு காளைகளையும் விற்கிறான். அதன்பின் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த வாரம் வண்டியையும் விற்றுவிடுகிறான்.

'முருகன் முதலில் எதை விற்றான்?' என்று கேட்டால் அது துமிளிக் கேள்வி. 'காளைகளை விற்ற பிறகும் நாலு மணிக்கு ஏன் கொட்டகைக்குப் போனான்?' என்று கேட்டால் விடை எந்த வரியிலும் இல்லை, எல்லா வரிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. 'வண்டியை அடுத்த வாரமே விற்றதற்கு என்ன காரணம் இருக்கலாம்?' என்பதற்குப் பையன் காளையில்லாத வண்டியைக் கற்பனை செய்து பார்த்தாக வேண்டும். நேரடிக் கேள்வியே கூடாது என்பதில்லை. முதல் ஒன்றிரண்டு அப்படி இருந்தால்தான் மெல்லக் கற்பவர்கள் பேனாவைத் திறப்பார்கள். ஆனால் அதிலும் பத்தியில் 'சோல்ட்' என்று இருந்தால் கேள்வியில் 'பார்ட்டட் வித்' என்று மாற்றிக் கேட்கலாம். அந்த ஒரு மாற்றமே தேடிப் பிடித்து எழுதுகிறவனைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வைக்கும்.

உலக அளவில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் பிசா தேர்வின் 2009 சுற்று, வாசிப்பு வேலையை மூன்றாகப் பிரித்தது: தகவலைக் கண்டெடுப்பது, துண்டுகளைக் கோத்துப் பொருள்கொள்வது, படித்ததைத் தள்ளி நின்று மதிப்பிடுவது. அந்தச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு பட்டியலின் அடியில் நின்றன. காரணங்கள் பல இருக்கும். ஆனால் வகுப்பில் முதல் வகைக் கேள்வியை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளையை மற்ற இரண்டின் முன்னால் உட்காரவைத்தால் அவன் என்ன செய்வான்?

பத்தியே இல்லாமல் விடை வரும் கேள்விகள்

அடுத்த தவறு இதற்கு நேர் எதிர். அப்துல் கலாமைப் பற்றி ஒரு பேசேஜ் கொடுத்துவிட்டு, அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்பது. ராமேஸ்வரம் என்று தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? மரம் வளர்ப்பதன் நன்மை, பிளாஸ்டிக்கின் தீமை, காந்தியின் எளிமை எல்லாமே இந்தக் கணக்குதான்.

1990-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் காட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு விஷமமான காரியம் செய்தார்கள். அங்கே கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வின் வாசிப்புக் கேள்விகளை, பத்திகளை எடுத்துவிட்டு, மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஐந்து விருப்ப விடைகள் (ஆப்ஷன்) கொண்ட கேள்விகள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் நூற்றுக்கு 20 தேறும். மாணவர்களோ அதைவிட நன்றாகவே எழுதினார்கள். விருப்பங்களின் சாயலையும் பொது அறிவையும் வைத்தே பலவற்றை ஊகித்துவிட்டார்கள். அத்தனை பேர் உட்கார்ந்து தயாரித்த தாளுக்கே அந்தக் கதி என்றால், முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு நாம் எடுக்கும் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரம் சுலபம். பத்தியை மறைத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டுங்கள். கணக்கு வாத்தியாராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் சரியாகச் சொன்ன கேள்வியை அடித்துவிடுங்கள்.

அதற்காகப் பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தெரியாத உலகத்திலிருந்தும் பத்தி எடுக்கக்கூடாது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். பேஸ்பால் தெரிந்த, வாசிப்பில் பலவீனமான பிள்ளைகள், பேஸ்பால் தெரியாத கெட்டிக்கார வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பனிச்சறுக்கைப் பற்றி ஒரு பத்தியை இணையத்திலிருந்து இறக்கி நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, நாம் சோதிப்பது ஆங்கிலத்தை அல்ல, பனியை. தெரிந்த உலகம், அதில் தெரியாத ஒரு செய்தி என்பதுதான் நான் கண்ட நல்ல கலவை. கோழி தெரியும், கோழி தன் முட்டையை அடைகாக்கும்போது திருப்பித் திருப்பிப் போடுவது ஏன் என்பது பலருக்குத் தெரியாது.

ஒரே நீளப் பத்தியை நம்பி எல்லாக் கேள்விகளையும் கட்டித் தொங்கவிடுவதும் ஆபத்து. முதல் வரியில் தடுக்கி விழுந்தவனுக்கு அந்தப் பகுதி முழுவதும் போயிற்று. இரண்டாம் கேள்வியிலேயே முதல் கேள்வியின் விடை ஒளிந்திருப்பதும் அடிக்கடி நடக்கும். இப்போது கணினியில் நடக்கும் எஸ்ஏடியில் 64 நிமிடத்தில் 54 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 150 சொற்களுக்குள் தனித்தனிப் பத்தி. பொதுத்தேர்வு வடிவத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் ரிவிஷன் டெஸ்டில் ஓர் அறிவிப்பு, ஒரு கடிதத் துண்டு, நாலு வரிக் கதை என்று மூன்று குட்டிப் பத்திகள் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை.

விருப்ப விடைகளில் நீளமானதே சரியான விடையாக அமைந்துவிடுவது, 'இவற்றில் எது தவறு' என்று கேட்டுவிட்டு அந்தத் 'தவறு' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட மறப்பது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை, எல்லோரும் செய்பவை.

திருத்தும் மேசையில் நடப்பது வேறு. வாசிப்புக் கேள்விக்கு ஒருவன் 'காளை பழக்கம், மறக்க முடியல' என்ற பொருள் வரும்படி உடைந்த ஆங்கிலத்தில் எழுதினால், பலர் பாதி மார்க் குறைப்பார்கள். அவன் பத்தியைப் புரிந்துகொண்டானா என்பதுதான் அங்கே கேள்வி. இலக்கணத்தைச் சோதிக்கத் தாளில் தனி இடம் வைத்திருக்கிறோம். இரண்டு இடத்திலும் ஒரே குற்றத்துக்கு அபராதம் போட்டால், கடைசியில் அவனுக்குப் புரியவில்லையா, எழுத வரவில்லையா என்று நமக்கே தெரியாமல் போகும்.

பிழைதிருத்தம்: கைடு வாக்கியங்களின் பிடியில்

மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புத் தாளில் பிழை கண்டுபிடித்துத் திருத்தும் பகுதிக்கு ஐந்து மதிப்பெண். சிபிஎஸ்இயிலும் இலக்கணப் பகுதிக்கான பத்து மதிப்பெண்ணுக்குள் இது வருகிறது. சின்னப் பகுதிதான், ஆனால் இதைப்போல வீணாகும் பகுதி வேறில்லை. 'சீனியர் தேன் மீ', 'ஃபர்னிச்சர்ஸ்', 'தோ' போட்டுவிட்டு மறுபடி 'பட்'. இவற்றைப் பத்து வருடமாக எல்லா கைடிலும் பார்க்கலாம். 'சீனியர்' என்று கண்ணில் பட்டால் 'டூ' போடு என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதே பிள்ளை லீவ் லெட்டரில் 'ஐ டிட் நாட் கேம்' என்று எழுதுகிறான். அது நம் தேர்வில் வருவதே இல்லை.

நல்ல பிழைகள் கைடில் கிடைக்காது, விடைத்தாள் கட்டில்தான் கிடைக்கும். காலாண்டுத் தாள் திருத்தும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களை அப்படியே குறித்துவந்தால், ஒரே கட்டில் முப்பது தேறும். அவற்றில் பல தமிழிலிருந்து வருபவை. 'பற்றி விவாதித்தோம்' என்று யோசித்து 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதுவது. கேள்வி கேட்கும்போது தமிழில் சொற்கள் இடம் மாறுவதில்லை, அதனால் 'வொய் யூ ஆர் லேட்'. தமிழில் 'எ', 'த' போன்ற ஆர்ட்டிகிள்கள் கிடையாது, அதனால் அவை காணாமல் போவது. எல்லாவற்றுக்கும் தமிழின் மேல் பழி போடவும் முடியாது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதுகிறவன் தமிழில் ஒழுங்காக 'நண்பர்களில் ஒருவன்' என்றுதான் சொல்வான். அங்கே கடைசி 'எஸ்' அவன் காதில் சரியாக விழுந்ததே இல்லை.

ஒரு பிழைக்கு ஒரே திருத்தம்தானா என்று பார்க்காமல் விடுவது இன்னொன்று. 'த பாய்ஸ் இஸ் பிளேயிங்' என்று கொடுக்கிறோம். ஆன்சர் கீயில் 'ஆர்' இருக்கிறது. ஒரு பெண் 'ஆர்' போடாமல், 'பாய்ஸ்' என்பதை 'பாய்' ஆக்கிவிடுகிறாள். அதுவும் சரிதான், ஆனால் கீயில் இல்லை, மார்க் போயிற்று. 'த்ரீ' என்று ஓர் எண்ணைச் சேர்த்திருந்தாலோ, அடுத்த வாக்கியத்தில் 'தே' வந்திருந்தாலோ இந்தச் சிக்கல் வந்திருக்காது. தனி வாக்கியமாகக் கொடுப்பதைவிட நாலைந்து வரிப் பத்தியாகக் கொடுப்பது நல்லது என்பதற்கு இதுவே போதுமான காரணம். காலம் திடீரென்று மாறுவது, 'ஹி' என்று தொடங்கி 'ஷி' என்று முடிவது போன்ற பிழைகளைத் தனி வாக்கியத்தில் சோதிப்பது கஷ்டம்.

கொடுக்கும் வாக்கியம் எல்லாமே பிழையாக இருப்பதும் ஒரு பழக்கதோஷம். நிஜத்தில் தன் கடிதத்தைத் தானே திருத்தும்போது, எந்த வரியில் பிழை இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சரியான வரியைச் சரி என்று விட்டுவிடுவதும் திருத்துகிறவனுக்கு வேண்டிய திறமை. காகிதத்தில் நடந்த பழைய எஸ்ஏடியில் 'நோ சேஞ்ச்' என்று ஒரு விருப்பம் இருந்தது. ஐந்தில் ஒன்றைச் சரியான வாக்கியமாக வைத்துப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வையுங்கள், இல்லையென்றால் பெற்றோர் வந்து நிற்பார்கள். முதல் தடவை பாதிப்பேர் அந்த நல்ல வாக்கியத்தைக் கெடுத்துவைப்பார்கள்.

ஆளாளுக்கு ஒன்று சொல்லும் விஷயங்களைப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். வாக்கியத்தை 'வித்', 'ஆஃப்' போன்ற சொல்லில் முடிக்கலாமா கூடாதா என்பதெல்லாம் பத்தாம் வகுப்புக்குத் தேவையில்லை. 'கலர்' என்ற சொல்லில் 'யு' இல்லாவிட்டால் அது அமெரிக்க எழுத்து, பிழையல்ல.

இன்னொன்றை அனுபவத்தில் கற்றேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பிழைகளை வைத்து ஐந்து வாக்கியம் டைப் செய்தேன். ஊர்ப் பெயர் சிறிய எழுத்தில், வாக்கியத்தின் முதல் எழுத்து சிறியதாக, 'நான்' என்பதற்கான 'ஐ' சிறியதாக. கம்ப்யூட்டர் பாட்டுக்குத் தானே பெரும்பாலானவற்றைத் திருத்திவிட்டது. நான் கவனிக்கவில்லை, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாயிற்று. பரீட்சை ஹாலில் ஒரு பெண் எழுந்து, "சார், இதுல என்ன தப்பு?" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. ஐந்தையும் எல்லோருக்கும் போட்டுவிட்டேன். ஆட்டோகரெக்டை அணைத்துவிட்டு டைப் செய்யுங்கள், அச்சானதும் ஒரு தடவை நீங்களே பரீட்சை எழுதிப் பாருங்கள்.

கண்டுபிடிப்பதும் திருத்துவதும் இரண்டு வேலை. பிழையான சொல்லின் கீழே கோடிட்டுவிட்டுச் சரியானது தெரியாமல் நின்றவனுக்கும், எதுவுமே புரியாமல் விட்டவனுக்கும் ஒரே பூஜ்யம் போடுகிறோம். வகுப்புத் தேர்விலாவது அரை மார்க் போடலாம். எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அந்த அரை மார்க் காட்டிக்கொடுக்கும்.

தேர்வு முடிந்ததும் கேள்விவாரியாக எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணிப் பார்ப்பதைப் பலரும் செய்வதில்லை. பத்து நிமிட வேலை. முருகன் பத்தியில் அந்தக் கொட்டகைக் கேள்விக்கு வகுப்பின் முதல் ஐந்து பேரில் நாலு பேர், மழை இல்லாததால் என்றோ ஏழ்மையால் என்றோ எழுதியிருந்தார்கள். கடைசி பெஞ்சில் இருவர் சரியாக எழுதியிருந்தார்கள். ஒருவன் வீட்டில் மாடு உண்டு என்று எனக்குத் தெரியும். பத்தியைப் படித்து எழுதினானா, வீட்டை நினைத்து எழுதினானா? பத்தியை மறுபடி படித்தேன். முருகனுக்குக் காளைகளோடு இருந்த பிணைப்பைக் காட்ட அந்த நாலு மணியைத் தவிர வேறு ஒரு சொல்கூட நான் வைக்கவில்லை. மாடு வளர்க்காத வீட்டுப் பிள்ளைக்கு அது போதாது. இருவருக்கும் முழு மார்க் போட்டேன். கொட்டகையில் அவன் வெறும் முளைக்குச்சியைத் தடவிப் பார்ப்பதாக அடுத்த வருடத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்.