வன்முறை நிறைந்த வீட்டைவிட்டு வந்தபின் மீண்டும் குடியமர்வது எப்படி

அடி தாங்காமல் குழந்தைகளோடு வெளியேறிய பெண், ‘படி தாண்டிவிட்டேன், இனி அந்த வீட்டில் எனக்கு உரிமை ஏது?’ என்று எண்ணிவிடுகிறாள். அது உண்மையன்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், கணவரோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. அந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் இவ்வுரிமை பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. திரும்பிப் போகச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. போக விருப்பமில்லையென்றால், அதே தரத்தில் வேறு வீடு ஏற்பாடு செய்யவோ அதற்கான வாடகையைத் தரவோ கணவருக்கு உத்தரவிடும்படி நீதித்துறை நடுவரிடம் கேட்கலாம். உங்கள் நகை, சீர்ப் பொருள்கள், சான்றிதழ்கள் ஆகியவற்றையும் இதே மனுவில் திரும்பக் கேளுங்கள்.

முதல் இரவுக்கு இடம் வேண்டுமானால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்டந்தோறும் உள்ள ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக ஐந்து நாள்கள்வரை தங்கலாம். அதற்குமேல் தேவையெனில் அவர்களே நீண்டகாலத் தங்குமிடத்துக்கு அனுப்புவார்கள். அந்த நாள்களுக்குள் மருத்துவமனையில் காயங்களைப் பதிவு செய்துகொண்டு, மாவட்ட சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரைச் சந்தித்துக் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையை எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதற்கான எண் 15100. வழக்கு முடிய நாளாகலாம் என்பதால், தீர்ப்பு வரும்வரை செல்லும் இடைக்கால உத்தரவை முதல் மனுவோடு சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது.

பலரும் கவனிக்கத் தவறுவது கைப்பேசி எண்ணை. உங்கள் ஆதாரும் வங்கிக் கணக்கும் கணவரின் எண்ணோடு இணைந்திருந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் தகவலும் அவர் கைக்கே போய்ச் சேரும். ஆகவே முகவரியை மாற்றும் முன்பே ஆதார் மையத்துக்கு நேரில் சென்று உங்கள் சொந்த எண்ணைப் பதிந்துகொண்டு, அவருக்குத் தொடர்பில்லாத வேறொரு வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் கணக்குத் தொடங்குங்கள். இந்த வரிசை மாறினால் புதிய முகவரி வெளிப்பட்டுவிடும் ஆபத்து உண்டு.

வாடகை வீடு தேடும்போது ‘உங்கள் வீட்டுக்காரர் எங்கே?’ என்ற கேள்வி வரத்தான் செய்யும். முழுக் கதையையும் சொல்லும் கடமை உங்களுக்கில்லை. ‘நானும் பிள்ளைகளும் மட்டும்தான்’ என்பதே போதுமான பதில். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் கணவர் கையில் சிக்கியிருந்தாலும் கவலை வேண்டாம். எட்டாம் வகுப்புவரை, அது வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

புது வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது உங்கள் சொந்தப் பூட்டு. எரிவாயு இணைப்பு கிடைக்கும்வரை, அடையாள அட்டையைக் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டரில் சமைத்துக்கொள்ளலாம்.